ரைடில் ஏறாத மருமகள்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சன்னலோரம் இருக்கும் என் பழைய நாற்காலி உங்களில் ஒருவருக்குக் கிடைத்திருக்கும். உட்காருங்கள், நல்ல நாற்காலி. மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சாரல் அடிக்கும்.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளை நம் பாஸ் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, புதுப் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க. டிக்கெட் எப்படி எடுக்கணும், ரூம் எப்படிப் போடணும்னுலாம் வேணாம். அதெல்லாம் அவங்களே கத்துக்குவாங்க. வேற ஏதாச்சும் எழுதுங்க லா."

வேற ஏதாச்சும் என்றவுடன் எனக்கு ஒரே ஒரு பயணம்தான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஹாங்காங், ஓசாகா, கோல்ட் கோஸ்ட் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு விடுமுறை திட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இந்த வேலை என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது, காப்பாரிலிருந்து பஸ் பிடித்துப் போன அந்தக் குடும்பத்தோடுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு இளம் வயதில் வந்தவளில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது, என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். தேவாலயத்தில் யாரோ சொன்னார்கள் என்று கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். நேர்முகத்துக்கு உட்கார்ந்தால், எதிரே இருந்த முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் குடும்பம் துணி வியாபாரக் குடும்பம். இவர் மட்டும் தீம் பார்க் விடுமுறை விற்கிறேன் என்று கிளம்பியவர்.

"ரைட்ல ஏறுவீங்களா, அக்கா?"

"இது வரைக்கும் தீம் பார்க் வாசலையே பார்த்ததில்ல, பாஸ்."

"அப்ப நல்லது. ரைட்ல ஏறுறவங்களுக்கு ரைட் மட்டும்தான் தெரியும்."

அடுத்த வாரமே என்னை ஒரு பூங்காவுக்கு அனுப்பினார். எதிலும் ஏற வேண்டாம், நாள் முழுக்க சுற்றி வந்து, குடும்பங்கள் எங்கே சண்டை போடுகின்றன என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், உண்மையிலேயே சண்டை எல்லாம் ஒரே மாதிரி இடங்களில்தான் நடக்கிறது. நிழலில்லாத வரிசையில். பசி வந்தபின் சாப்பாட்டுக் கடையைத் தேடும் வழியில். உயரம் போதாது என்று ஒரு பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்பும் வாசலில். காலையில் கை கோத்து வந்த கணவனும் மனைவியும் அங்கேதான் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்து சொன்னேன். "இதுதான் அக்கா நம்ம வேலை. ரைட்ட அவங்க பார்த்துக்குவாங்க. அந்த இடத்துல எல்லாம் என்ன பண்றதுன்னு நாம பார்க்கணும்" என்றார்.

வேலை நிரந்தரமாவதற்கு முன்பே எனக்கு ஒரு குழுவைக் கொடுத்தார். காப்பாரைச் சேர்ந்த பாக்கியம் ஆன்டியின் குடும்பம். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு சின்ன பஸ் நிறைய ஆட்கள். பள்ளி விடுமுறையில் தெற்கே ஒரு தீம் பார்க்குக்குப் போய், ஓர் இரவு தங்கித் திரும்புவது திட்டம். பார்க்கின் பெயர் வேண்டாம். அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

பாக்கியம் ஆன்டி அந்தக் குடும்பத்தின் தலைவி. கணவர் இல்லை. சந்தையில் காய்கறிக் கடை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். குரல் எப்போதும் கடையில் கூவும் உயரத்திலேயே இருக்கும். போனை எடுத்தால் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். "எல்லாரும் சேர்ந்து போறோம்மா. ஒருத்தர் குறையக்கூடாது, தெரிஞ்சிக்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அப்போதெல்லாம் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி எல்லாவற்றையும் அதிலேயே கேட்போம். நானும் கேட்டேன். யாருக்காவது இதய நோய், முதுகுவலி உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, இருந்தால் சில ரைடுகளில் ஏற முடியாது, சொல்லுங்கள் என்று. ஒவ்வொருவராக இல்லை, இல்லை என்று போட்டார்கள். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அன்று மாலை ஒரு போன் வந்தது. பாக்கியம் ஆன்டியின் கடைசி மருமகள் தர்ஷினி. மெல்லிய குரல்.

"அக்கா, நான் குரூப்ல இல்லைன்னு போட்டேன். ஆனா… இருக்கு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னம்மா இருக்கு?"

"கடைசியா கேட்டீங்கள்ல, அது."

அவள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இது மூன்றாவது. அவளுக்கும் கணவன் கபிலனுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் போகலாம், நடக்கலாம், ரைடு மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அத்தைகிட்டயாவது சொல்லிடலாமே தர்ஷினி?"

"முடியாதுக்கா. போன தடவை அத்தை அடுப்படியிலயே உக்காந்து அழுதாங்க. சாப்பிடல. நான்தான் எழுந்து போய் அவங்களைத் தேத்தினேன். இன்னொரு தடவை அவங்க அப்படி அழறத என்னால பார்க்க முடியாது. கொஞ்ச மாசம் போகட்டும், நானே சொல்லிடுறேன்."

"அப்ப நீங்க வராம இருந்துடலாமே?"

"நான் வரலன்னா அத்தையும் போக மாட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்குங்க, அக்கா."

"கபிலன் கூட இருந்து சமாளிப்பாரா?"

அப்போதுதான் சிரித்தாள். "அவருக்குப் பொய் சொல்லவே வராது. காது சிவந்துடும்."

சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எதை ஒப்புக்கொண்டோம் என்று உறைத்தது. ஒரு பெண் நாள் முழுக்க எதிலும் ஏறாமல் இருக்க வேண்டும். அதை அவள் குடும்பத்தில் ஒருவர்கூடக் கவனிக்கக் கூடாது. அதுவும் மருமகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கும் ஒரு மாமியாரின் எதிரில்.

உட்கார்ந்து யோசித்தேன். பெரிய ரைடுகளில் சின்னப் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். பெரியவர்களில் ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்பார், மற்றவர்கள் ஏறி இறங்கியதும் அவர் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை இருந்தது, மூத்த மகனின் கடைக்குட்டி. அந்தக் குழந்தைக்குத் தர்ஷினி சித்தியிடம்தான் ஒட்டுதல் என்று தர்ஷினியே சொல்லியிருந்தாள். அப்படியானால் குழந்தையோடு நிற்பது தர்ஷினி. அவள் முறை வரும்போது குழந்தை தூங்கியிருக்கும், இல்லை அழும், இல்லை அடுத்த ரைடுக்கு நேரமாகியிருக்கும். திட்டத்தில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை.

பஸ் பயணத்துக்கு இன்னொரு பொய் தேவைப்பட்டது. அவளுக்கு அடிக்கடி பஸ்ஸை நிறுத்த வேண்டும், அவள் வாய் திறந்து கேட்கக் கூடாது. ஆகவே ஏறியவுடன் எனக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி தண்டாஸ் போக வேண்டும், கழிப்பறை கண்ட இடத்தில் எல்லாம் பஸ் நிற்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் அறிவித்துவிட்டேன். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. பாக்கியம் ஆன்டி அதற்குப் பிறகு என்னை விடவில்லை. பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், நடைப்பயிற்சி என்று ஆயர் குரோ தாண்டும்வரை வைத்தியம் சொன்னார். வீட்டில் செய்துகொண்டு வந்த நெய் உருண்டையை எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடம் வந்ததும் டப்பாவை மூடிக்கொண்டு, "உனக்கு இல்லம்மா, பாவம்" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த நெய் வாசனை இன்னும் மறக்கவில்லை.

பார்க்கில் காலை நேரம் நன்றாகவே போயிற்று. முதல் ரைடில் ஆன்டி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட, மற்றவர்கள் ஏறினார்கள், தர்ஷினி குழந்தையோடு நின்றாள். இரண்டாவதிலும் அப்படியே. அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நான் உள்ளுக்குள் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவதுதான் அந்தப் பார்க்கிலேயே பெரிய ரோலர் கோஸ்டர். கபிலனும் மற்றவர்களும் வரிசைக்குள் நுழைந்துவிட்டார்கள். நெஞ்சு படபடக்கிறது என்று முதல் ரைடிலிருந்தே ஒதுங்கியிருந்த பாக்கியம் ஆன்டி, பெஞ்சிலிருந்து எழுந்து நேராகத் தர்ஷினியிடம் வந்தார்.

"குழந்தையைக் குடு."

"பரவாயில்ல அத்தை, நான் வெச்சிக்கிறேன்."

"என்ன பரவாயில்ல? காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். எல்லாரும் ஏறுறாங்க, இறங்குறாங்க, என் மருமக மட்டும் ஆயா மாதிரி நிக்குறா." என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா இப்படிப் போட்டது? யாரு யாரு குழந்தையப் பார்க்குறதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா ஆன்டி, குழந்தை அவங்ககிட்டதான்…"

"குழந்தை என்கிட்டயும் இருக்கும். நான் ஆறு பெத்தவ." குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் தர்ஷினியின் கையைப் பிடித்து வரிசை வாசலுக்கு இழுத்தார். "வா. கபிலன் நிக்குறான் பாரு. அவன்கூட முன்னாடி சீட்ல உக்காரு. கல்யாணம் ஆகி எங்க போயிருக்க நீ? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் போயிருக்க. போய் நல்லா கத்திட்டு வா."

வரிசையில் நின்ற நாத்தனார்கள் கைதட்டினார்கள். "வாங்க அண்ணி, வாங்க!" கபிலன் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான், இரண்டு காதும் சிவந்துவிட்டன. வாயைத் திறந்தான், மூடினான்.

பயமாக இருக்கிறது என்று அவள் சொல்ல முடியாது. கல்லூரி நாளில் ரோலர் கோஸ்டரில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த படம் அவர்கள் வீட்டு வரவேற்பறையிலேயே மாட்டியிருக்கிறது. தலைவலி என்றால் ஆன்டி பயந்துபோய் எல்லோரையும் கிளப்பி டாக்டரிடம் போவார். தர்ஷினி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடவா என்று கேட்கிற மாதிரியும் இருந்தது, சொல்ல வைத்துவிடாதே என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது. நான் சொன்னால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது என் செய்தி இல்லை. அந்த வாசலில், அத்தனை பேர் எதிரில், அவளிடமிருந்து அதைப் பிடுங்கிச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

"ஆன்டி, ஒரு நிமிஷம்" என்றேன். "அவங்க டிக்கெட்ல இந்த ரைட் இல்ல."

"என்னது?"

"புக் பண்ணும்போது நான் தப்பு பண்ணிட்டேன். அவங்களுக்கு மட்டும் வேற டிக்கெட் எடுத்துட்டேன். சின்ன ரைட் மட்டும்தான் அதுல."

பாக்கியம் ஆன்டி கையை விட்டார். அதுவரைக்கும் வெற்றி. ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் நான் தொட்டிருக்கக் கூடாத இடத்தைத் தொட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"எல்லாருக்கும் இருக்கு. என் மருமகளுக்கு மட்டும் இல்லையா?"

"என் தப்புதான், ஆன்டி."

"வெளியிலேர்ந்து வந்த பொண்ணு, அவளுக்குச் சின்ன டிக்கெட் போதும்னு மாமியார்காரிதான் சொன்னான்னு அவங்க அம்மா நினைக்க மாட்டாங்களா? சரி, விடு. இப்பவே போய் வாங்கு. நான் காசு தரேன்."

"இன்னிக்கு முடிஞ்சுபோச்சு ஆன்டி."

"அப்ப என்னோடத அவகிட்ட குடு. நான் ஏறப் போறதில்ல." குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கழட்டினா செல்லாது ஆன்டி." இது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

அவர் பட்டையை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்து, காப்பார் பாசார் முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார். "எல்லாரும் வெளிய வாங்க!"

"அம்மா?"

"தர்ஷினிக்கு இல்லையாம். அவ ஏறலன்னா இந்தக் குடும்பத்துல யாரும் ஏற வேணாம். வாங்க."

அவர்கள் வந்தார்கள். முனகிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனால் ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். பேரப்பிள்ளைகள் அழுதன. என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் நல்லபடியாகப் பார்க்கவில்லை. தர்ஷினி அப்படியே மாமியாரின் தோளில் முகத்தை வைத்து விம்மி அழ ஆரம்பித்தாள். டிக்கெட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்த ஆன்டி முதுகைத் தடவிக்கொண்டே, "அழாத. நான் இருக்கேன்ல? இந்தப் பொம்பளையை நான் பார்த்துக்குறேன்" என்றார்.

தண்டாஸில் தர்ஷினி முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இப்ப சொல்லிடவா அக்கா? உங்களைப் போய் இப்படி…"

"எனக்காகச் சொல்லாதம்மா. உனக்குச் சொல்லணும்னு தோணும்போது சொல்லு."

அவள் குழாயை மூடினாள். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இன்னும் இல்லை.

மத்தியானம் மரத்தடியில் புளிச்சோறு பிரித்தார்கள். பிறகு நான் மெல்லப் போய், அங்கே ஒரு படகு இருக்கிறது, பொம்மைகளுக்கு நடுவே மெதுவாகப் போகும், எல்லா டிக்கெட்டிலும் உண்டு என்று சொன்னேன். ஆன்டி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எழுந்தார். மொத்தக் குடும்பமும் குழந்தை முதற்கொண்டு படகுகளில் ஏறியது. அதில் ஆடவோ குதிக்கவோ ஒன்றுமில்லை. முதல் படகில் ஆன்டியும் தர்ஷினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், கையைக் கோத்துக்கொண்டு. படகு திரும்பி வந்ததும் பிள்ளைகள் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்றன. அதிலேயே சாயங்காலம் ஆகிவிட்டது. நான் கரையில் நின்று பைகளைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் திரும்பும் வழியில் ஆன்டி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் சாப்பிட நிறுத்தினோம். நான் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய பேத்தி ஒரு கிளாஸ் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாட்டி குடுத்தாங்க. சீனி போடலையாம்."

சீனி இல்லாத தேத்தண்ணியைப் போல மோசமான ஒன்று உலகத்தில் கிடையாது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

திங்கட்கிழமை ஆன்டி பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் இருக்கும்போது, நேராக பாஸின் மேசைக்கு. நடந்ததைச் சொன்னார். பாஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்தது அவர்தான். எல்லாம் ஒரே டிக்கெட் என்று அவருக்குத் தெரியும். அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் என் மேசையைப் பார்த்தேன்.

"தப்பு எங்களோடதுதான், ஆன்டி" என்றார். "என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"எனக்குக் காசு கீசு ஒண்ணும் வேணாம். இந்தப் பொம்பள என் மருமககிட்ட மன்னிப்புக் கேக்கணும். இப்ப, என் முன்னால."

போனைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, மேசைமேல் வைத்தார்கள். "தர்ஷினி, நான் ஸ்டெல்லா பேசுறேன். உங்க டிக்கெட்டை நான் தப்பா எடுத்துட்டேன். மன்னிச்சிக்கங்க" என்றேன்.  "ஐயோ அக்கா" என்று அந்தப் பக்கம் ஒரு குரல், உடனே கட்டாகிவிட்டது. "பார்த்தீங்களா? இன்னும் அழறா" என்றார் ஆன்டி.

அவர் போன பிறகு பாஸ் என்னைக் கீழே கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு தே தாரிக் வந்தது.

"அக்கா, டிக்கெட் நான்தான் எடுத்தேன். எல்லாம் ஒண்ணுதான்."

"ஆமா, பாஸ்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"சொல்ல முடியாது, பாஸ்."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். "நீங்க காரணம் இல்லாம பண்ற ஆள் இல்ல. நான் கேக்கல. ஆனா ஆபீஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க. நான் ஒண்ணும் செய்யாம விட்டா நாளைக்கு நெஜமா தப்பு பண்றவனை எதுவும் சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்கு குரூப்போட போகாதீங்க. கன்ஃபர்மேஷனும் தள்ளித்தான் போகும். வேற வழி இல்ல லா."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். மகளின் படிப்பை நினைத்துக்கொண்டேன். ரயிலில் கிள்ளான் வரும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்று. அவர் நம்பிக்கையையும் காட்டினார், தண்டனையையும் கொடுத்தார், இரண்டையும் ஒரே கிளாஸ் தேத்தண்ணிக்குள் முடித்தார். அப்படி ஒரு முதலாளி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நான் விடவில்லை.

இதைப் படித்துவிட்டு வாடிக்கையாளரிடம் பொய் சொல்லலாம் போலிருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். பொய் சொல்லும் நிலைக்கே போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. உடம்பைப் பற்றிய கேள்வியைக் குடும்பத்தின் நடுவில் கேட்காதீர்கள். குடும்பத்தின் எதிரில் யாரும் உண்மை சொல்வதில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், நேரமானாலும் சரி. கேட்டபின், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நீங்கள் தயாரா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பங்கள் சந்தோஷமாக இருப்பதற்காக நம்மிடம் வருகின்றன. ஆனால் பையில் எதை எதையோ கட்டிக்கொண்டுதான் வருகின்றன. அதை நாம் தூக்க வேண்டி வரும்.

சில மாதங்கள் மேசையிலேயே கழிந்தன. ஒரு நாள் காலை, கதவைத் திறந்துகொண்டு பாக்கியம் ஆன்டி வந்தார். இந்த முறை குரலைக் காணோம். பாஸ் பக்கம் போகாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தர்ஷினி சொல்லிட்டா" என்றார். "வயிறு தெரிய ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் சொன்னா. உன்னைப் பத்தியும்."

"நல்லா இருக்காங்களா, ஆன்டி?"

"நல்லா இருக்கா. டாக்டர் நல்லா இருக்குன்னாங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். நான் அவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் கேட்டது வேறு.

"உன்கிட்ட சொல்லத் தோணியிருக்கு. ஒரு டிராவல் ஆபீஸ்காரிகிட்ட. நான் வீட்டுலயே இருக்கேன். என்கிட்ட ஏம்மா சொல்லல? நான் அவ்வளவு பொல்லாதவளா?"

 நல்லது என்று நினைத்து நான் செய்த ஒன்று, இன்னொரு பக்கம் இவரை இப்படிக் குத்தியிருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"பொல்லாதவங்கன்னு இல்ல, ஆன்டி. உங்களைப் பார்த்துப் பயப்படல. போன தடவை நீங்க அடுப்படியில உக்காந்து அழுதீங்களாமே, அதைத்தான் சொன்னாங்க. இன்னொரு தடவை உங்களை அப்படிப் பார்க்க முடியாதுன்னு சொன்னாங்க. என்கிட்ட சொன்னது, நான் யாரோங்கறதால. நான் அழ மாட்டேன்ல?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு அவ கையைப் புடிச்சு இழுத்தேன்ல? அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது ஸ்டெல்லா. நீ மட்டும் குறுக்க வரலன்னா நானே ஏத்தி விட்டிருப்பேன். என் கையாலயே."

"சந்தோஷமா இருக்கட்டும்னு இழுத்த கை ஆன்டி அது."

"ஆனா இழுத்தேன்ல."

 அவர் கையை எடுத்து மேசைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். சந்தையில் மூட்டை தூக்கிக் காய்த்த கை.  ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

பிறகு ஆன்டி மூக்கை உறிஞ்சி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரல் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. பாஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி."

"சொல்லுங்க ஆன்டி."

"இந்தப் பொம்பள நெஞ்சறிஞ்சு பொய் சொல்றா. கண்ணைச் சிமிட்டாம சொல்றா. என்கிட்டயே சொன்னா, அதுவும் ஒண்ணு மேல ஒண்ணா."

"தெரியும் ஆன்டி" என்றார் பாஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "என்ன செய்யட்டும்?"

"வேலையை விட்டு அனுப்பிடாத. குழந்தை பிறந்து நடக்க ஆரம்பிச்சதும் நாங்க எல்லாரும் திரும்பப் போறோம். இவதான் எங்ககூட வரணும்."